இளந்தாரி முதலாளி

ஞானச்சந்திரன் முதலாளி ஆரபிக்குக் கொடுக்க வேண்டியிருந்த காசு ஒன்பதாயிரத்து எழுநூற்று நாற்பது யூரோ. கைமாற்றாகக் கொடுத்து மாட்டிக்கொண்ட காசல்ல அது. அவள் நின்று உழைத்து, அவர் கொடுக்காமல் பிடித்து வைத்திருந்த சம்பளம். எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "உன்ரை காசு என்னட்டைப் பத்திரமாக் கிடக்குது பிள்ளை. பாங்கிலை கிடந்தால் வரி வெட்டுவான்." பத்திரமாகத்தான் கிடந்தது. அவள் கண்ணிலேயே படாத அளவுக்குப் பத்திரம்.

பாரிஸ் நகரத்துக்கு வடக்கே, ரயில் பாதையை ஒட்டிய பழைய கார்க் கொட்டகையில் அவருடைய லோண்டரி இருந்தது. பெரிய ஹோட்டல்களில் படுத்தெழும்பியவர்களின் விரிப்பும், துடைத்தெறிந்த துவாயும், வாந்தி பட்ட தலையணை உறையும் லொறி லொறியாக அங்கே வந்து இறங்கும். அந்த நாற்றத்தைச் சொல்லத் தொடங்கினால் கேட்கிறவர் அடுத்த வேளை சோறு தின்னமாட்டார். துணியை வெள்ளையாக்குகிற மருந்து துணியோடு நிற்பதில்லை. மூக்குக்குள் போகும், விரலிடுக்கில் போகும், நெஞ்சுக்குள் போய்க் குந்திக்கொள்ளும். விரிப்பை அழுத்துகிற நீராவி உருளைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குப் பனிக்காலத்திலும் வேர்க்கும்.

ஆரபிக்கு வயது இருபத்தொன்று. பதினைந்தில் அந்த உருளைக்குப் பக்கத்தில் வந்து நின்றவள். அவளுடைய அப்பா தவபாலன் அங்கேதான் கூடை தூக்கி முள்ளந்தண்டு விலகிப் படுத்தார். அப்பாவின் இடம் காலியானது, பிள்ளை வந்து நின்றாள். சம்பளத் துண்டில் நாலு மணித்தியாலம் என்று எழுதியிருக்கும். நிற்பது ஒன்பது மணித்தியாலம். மீதியைக் "கையிலை தாறன்" என்பார் முதலாளி. முழுதாகத் தந்ததில்லை. அவளோடு சேர்த்துப் பதினொரு பிள்ளைகள் அங்கே நின்றார்கள். பாதிப் பேருக்கு விசா இல்லை. விசா இல்லாதவன் சம்பளம் கேட்டால் முதலாளி கோபிக்கமாட்டார். தோளில் கைபோட்டு, "பொலிசிலை போய்ச் சொல்லு தம்பி, நானே கொண்டுபோய் விடுறன்" என்று சிரிப்பார்.

அந்த வருடம்தான் ஐரோப்பா முழுவதற்கும் இளையோர் சாசனம் என்றொரு சட்டம் வந்தது. நல்ல சட்டம். நல்ல மனிதர்கள் இருந்து எழுதியது. நரைத்த தலைகளே இருந்து நாளைய உலகத்தைத் தீர்மானிக்கக் கூடாது, ஒவ்வொரு நகரசபையிலும் இளையோருக்குத் தனி ஆசனம் வேண்டும், அந்த ஆசனத்தில் இருக்கிறவர் பிள்ளைகள் வேலை செய்கிற எந்த இடத்துக்குள்ளும் போய்ச் சம்பளக் கணக்கைத் திறந்து பார்க்கலாம் என்று அதில் இருந்தது. இளையோர் விசயத்தில் அந்த ஆசனம் எழுதுகிற தீர்மானம் சட்டமாகும் என்றும் இருந்தது. இருபத்தாறு வயதுக்குள் இருக்கிறவர்களுக்குத் தொழிற்படிப்பு இலவசம் என்றும் இருந்தது. ஆரபி மருத்துவமனையில் நோயாளி பார்க்கிற உதவியாளர் படிப்புக்குப் போக இரண்டு வருடமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவள்.

"நான் அந்த ஆசனத்துக்கு நிக்கப்போறன்" என்றாள், தேநீர் குடிக்க வெளியே வந்தபோது.

சாருஜன் குடித்த தேநீரைத் துப்பிவிட்டான். அவனும் உருளைக்காரன்தான். விசா இல்லாத கூட்டத்தில் வாய் கூடினவன்.

"நில்லு, நில்லு. உன்ரை படத்தை எந்த மதிலிலை ஒட்டுறது? இஞ்சை இருக்கிற மதிலெல்லாம் முதலாளியின்ரை படமெல்லோ."

"விசர்க்கதை கதையாதை. யோசிச்சுப் பார். உள்ளுக்கு வந்து கணக்கைத் திறக்கிறதுக்கு உன்ரை பேர் தேவையில்லை. என்ரை பேரும் தேவையில்லை. அந்தக் கதிரையிலை இருக்கிற ஆள் கேட்டால் போதும். பதினொரு பேற்றை காசும் வெளியிலை வரும்."

சாருஜன் பகிடியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். "வருமோடி?"

"வரும்."

"அப்ப நான் உனக்குக் கொடி பிடிக்கிறன். படம் எடுத்தால் மட்டும் என்ரை மூஞ்சையை வெட்டிப்போடு."

அன்று பின்னேரம் அப்பாவிடம் சொன்னாள். தவபாலன் கட்டிலில் படுத்தபடியே சிரித்தார்.

"வயசை என்னெண்டு பாக்கிறாங்களாம்? பாஸ்போட்டிலையோ?"

"பாஸ்போட்டை நம்புறேல்லையாம் அப்பா. எச்சில் எடுத்துப் பாக்கிறாங்கள். உடம்பு எவ்வளவு தேஞ்சிருக்கு எண்டு அந்த மெசின் சொல்லுமாம். அதுதான் வயசாம்."

"எங்கட ஆக்களாலை வந்த வினை" என்றார் தவபாலன், கொஞ்சம் பெருமையாகவே. "நான் வரேக்கை இருபத்தாறு. பதினேழு எண்டு பதிஞ்சன். என்னோடை வந்த கனகலிங்கத்துக்கு முன்தலை முழுக்க வழுக்கை, அவன் பதினாறு எண்டான். சின்னப்பிள்ளை எண்டால் திருப்பி அனுப்பமாட்டாங்கள் எண்டு எல்லாரும் செய்ததுதானே. வெள்ளைக்காரன் எத்தினை நாளைக்குப் பேப்பரை நம்புவான்?"

"எனக்கென்ன பயம்? நான் உண்மையா இருபத்தொண்டு."

"அது சரி. எதுக்கும் உன்ரை சாதகத்தைக் கொண்டு போ."

"அதை ஏன் அப்பா அங்கை?"

"கிரகம் பொய் சொல்லுமோ? நேரம், நாழிகை, நட்சத்திரம் எல்லாம் கிடக்கு. கொண்டு போ எண்டால் கொண்டு போ."

விசயம் லோண்டரிக்குள் கசிந்தது. ஞானச்சந்திரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பாஸ்போட்டில் அவருக்கு ஐம்பத்தெட்டு. ஆனால் இரண்டு வருடமாக அந்த மனிதர் வருகிற கோலத்தைப் பார்க்க அருவருப்பாக இருக்கும். மயிர் கறுத்துவிட்டது. சாயமல்ல, வேரிலிருந்தே கறுப்பு. கன்னத்துத் தோல் பறைத்தோல் போல இழுபட்டு மினுங்கியது. கண் மட்டும் பழைய கண். கிழட்டு உடும்பின் கண்ணை எடுத்துப் பெடியன் ஒருவனின் முகத்தில் வைத்துத் தைத்த மாதிரி.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவர் சுவிசுக்குப் போய்வந்தார். அங்கே ஒரு கிளினிக்கில் இரத்தத்தை வெளியே எடுத்து, வடித்து, கழுவி, ஏதோ சேர்த்துத் திருப்பி ஏற்றுவார்களாம். ஒருமுறைக்குப் பன்னிரண்டாயிரம் யூரோ.

"இரு பிள்ளை. எலக்சன் கேக்கப் போறியாம்?"

"ஓம் அங்கிள்."

"நல்லது, நல்லது. எங்கட பிள்ளையள் முன்னுக்கு வரத்தான் வேணும். நானும் அதைத்தானே மேடைக்கு மேடை கத்துறன்." மேசையில் இருந்த ஜூஸ் பெட்டி ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். "குடி. எச்சில் குடுக்கப் போறநேரம் தொண்டை காயக் கூடாது."

அவள் எடுக்கவில்லை. "என்ரை சம்பளம் அங்கிள்?"

"பத்திரமாக் கிடக்கு."

அளக்கிற அலுவலகம் நகரசபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. அழகான இடம். சுவர் முழுக்கச் சிரிக்கிற பிள்ளைகளின் படங்கள். அலுவலராக இருந்த பெண்ணும் நல்லவள், மென்மையாகப் பேசினாள். சிறு குழாயில் எச்சில் வாங்கினாள், பெட்டிக்குள் வைத்தாள், வந்த எண்ணைப் பார்த்தாள், இன்னொருமுறை எச்சில் வாங்கினாள்.

"முப்பத்துநாலு" என்றாள்.

"என்ன முப்பத்துநாலு?"

"உங்கள் வயது."

ஆரபி சிரித்துவிட்டாள். "நான் பிறந்து இருபத்தொரு வருடம்தான் ஆகிறது."

"பிறந்தது அப்போதாக இருக்கலாம். சட்டம் பிறந்த நாளைக் கேட்பதில்லை. உடம்பைத்தான் கேட்கிறது." அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். "தவறாக நினைக்காதீர்கள். இப்படி நிறையப் பேர் வருகிறார்கள். நீராவி, குளோரின், நித்திரை இல்லாமை, நீண்ட நேரம் நிற்பது. எல்லாம் உயிரணுவில் கீறு கீறாக விழும். மெசின் அதைத்தான் எண்ணுகிறது. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

"லோண்டரி."

"அதுதான்" என்றாள் அந்தப் பெண், விடை கிடைத்த திருப்தியோடு.

அப்பா சொன்னது நினைவுக்கு வர, வெட்கத்தை விட்டு ஆரபி சாதகத்தை எடுத்து விரித்தாள். மஞ்சள் பூசின மூலை, கட்டம் கட்டமாய்க் கிரகங்கள். அலுவலர் அதை இரு கையாலும் வாங்கி மரியாதையாகப் பார்த்தாள்.

"மிக அழகாக இருக்கிறது. எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது?"

"எனக்கு இந்த வேலையைச் செய்து உடம்பு தேய்ந்திருக்கிறது என்றால், அந்த வேலையைத் தட்டிக்கேட்கத்தானே நான் வந்தேன்?"

"புரிகிறது. அதற்கு முதியோர் பிரிவு இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் இனி இளையோர் நிதிக்கும் சிறு தொகை வெட்டுவார்கள். கவலைப்படாதீர்கள், நல்ல காரியத்துக்குத்தான் போகிறது."

வெளியே வந்தபோது வரிசையில் ஞானச்சந்திரன் நின்றார். இறுக்கமான நீல டெனிமும் வெள்ளைச் சப்பாத்தும். அவருக்குப் பின்னால், அவர் தலைவராக இருக்கிற தமிழ்ச் சங்கத்தின் செயலாளரும் பொருளாளரும், அதே மினுங்கல் கன்னங்களோடு. ஆரபிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இரத்தம் கழுவிய உடம்பை மெசின் இளசு என்றுதான் எண்ணும்.

அவருடைய எண் இருபத்துமூன்று.

நம் ஆட்களைக் கேட்டால் இதில் புதுமை என்ன என்பார்கள். பேரப்பிள்ளை கண்டவர்தான் நம் கட்சிகளில் இளைஞர் அணித் தலைவர். மூட்டுவலித் தைலம் பூசிக்கொண்டு வந்துதான் இளைஞர் கழக விளையாட்டுப் போட்டியைத் தொடக்கி வைப்பார். அப்போதெல்லாம் அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சிரிப்போம். இப்போது மெசின் அதை உண்மை என்று சொல்லி முத்திரை குத்திக் கொடுத்தது.

போட்டியே இல்லை. இளையோர் ஆசனத்துக்கு வாக்குப் போட இளையவர்களுக்குத்தான் உரிமை. லோண்டரியிலும் ஹோட்டல் குசினியிலும் கட்டட வேலையிலும் நிற்கிற பிள்ளைகள் முப்பத்தொன்று, முப்பத்தாறு என்று எண் வந்து வெளியே போனார்கள். சாருஜனுக்கு அளக்கப் போகவே வழியில்லை. மிச்சம் நின்றவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இரத்தம் கழுவிய பெரிய மனிதர்களும். ஞானச்சந்திரன் அமோகமாக வென்றார்.

வெற்றி விழா சங்க மண்டபத்தில் நடந்தது. மேசை விரிப்புகளை ஆரபியே தோய்த்து, அழுத்தி, கொண்டுபோய் விரித்தாள். அது வேலை, செய்யாவிட்டால் அந்தக் கிழமைச் சம்பளமும் பத்திரமாகிவிடும். முதலாளி மேடைக்கு ஓடியே ஏறினார். இரண்டு படியை ஒரே பாய்ச்சலில் தாண்டிக் காட்டினார். சனம் விசிலடித்தது.

"எங்களைச் சின்னப் பெடியள் எண்டு ஒதுக்கினது காணும்!" என்று முழங்கினார். "எங்கட குரல் இனி ஐரோப்பாவுக்குக் கேக்கும்! கடனோடை ஒரு தலைமுறை வாழ்க்கையைத் தொடங்கலாமோ? என்ரை முதல் வேலை அதுதான். இளையோருக்குக் கடன் விடுதலை!"

படிப்புக் கடனில் மூழ்கியிருந்த மாணவர்கள் சிலர் முன்வரிசையில் இருந்தார்கள். உண்மையான பிள்ளைகள். அவர்கள் எழுந்து நின்று கைதட்டியதைக் குற்றம் சொல்ல முடியாது.

தூணில் சாய்ந்து நின்ற தவபாலன் விருந்தில் கொடுத்த இறைச்சி ரோல்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் வந்தாள்.

"உங்களுக்கு அதை விழுங்க மனம் வருதே அப்பா?"

"பசிக்குது" என்றார். மென்றதை விழுங்கிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார். "அந்தக் கிளினிக்குக்கு ஒருக்காப் போக எவ்வளவு எண்டாய்?"

"பன்னிரண்டாயிரம்."

"அப்ப பார். உங்கள் பதினொரு பேற்றை சம்பளம் அவன்ரை நரம்புக்குள்ளை ஓடுது. உங்களிலை குறைஞ்சதுதான் அவனிலை கூடினது." கையிலிருந்த மிச்ச ரோல்ஸைப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசையின் வெள்ளை விரிப்பு நடுவிலே வைத்து, உள்ளங்கையால் நசுக்கித் தேய்த்தார். "நீ வழக்குப் போடு பிள்ளை. இளசுகளின்ரை வழியிலை போகேலாட்டி, கிழவியின்ரை வழியிலை போ."

அவள் போட்டாள். தொழில் மன்றத்தில், வளர்ந்த ஆள் என்ற முறையில், தன் பெயரில். அந்த மருத்துவமனைப் படிப்புக்கு இப்போது ஆறாயிரத்து ஐந்நூறு யூரோ கட்ட வேண்டும், முப்பத்துநாலு வயதுக்காரிக்கு இலவசம் கிடையாது. இந்தக் காசு வந்தால் உருளையை விட்டுப் போகலாம், வராவிட்டால் அதற்குப் பக்கத்திலேயே நின்று நாற்பதாகலாம், ஐம்பதாகலாம். வேலை தொடங்கிய, முடிந்த நேரமெல்லாம் அவளுடைய தொலைபேசியில் இருந்தது. லொறிச் சாரதி ஒருவர் சாட்சிக்கு வந்தார். சாருஜன் வரவில்லை. வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "உள்ளுக்குப் போ, நான் மரத்துக்குப் பின்னாலை நிண்டு கும்பிடுறன்" என்றான்.

ஞானச்சந்திரன் எதையும் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. வக்கீல்கூட இல்லாமல், நகரசபைச் சின்னம் குத்திய சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

தீர்ப்புச் சொன்ன அலுவலர் பஞ்சுபோல் நரைத்த பெண்மணி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆரபியைப் பார்த்தார்.

"உங்கள் கணக்கு முழுவதும் சரி. எதிர்த்தரப்பும் ஒப்புக்கொள்கிறது. அவர் உங்களுக்கு ஒன்பதாயிரத்து எழுநூற்று நாற்பது யூரோ கொடுக்கக் கடமைப்பட்டவர்."

பின்வாங்கில் தவபாலன் எழுந்தே விட்டார். முள்ளந்தண்டு வலி மறந்துவிட்டது.

"ஆனால்" என்றார் பெண்மணி. திரையை இரண்டுமுறை வாசித்தார். "கடனாளியின் வயது இருபத்துமூன்று. போன மாதம் வந்த கடன் விடுதலைத் தீர்மானப்படி, இருபத்தாறு வயதுக்கு உட்பட்டவர் மேல் உள்ள பழைய கடன்கள் எல்லாம் தள்ளுபடியாகின்றன."

"அது மாணவர்களின் படிப்புக் கடனுக்குத்தானே?" என்றாள் ஆரபி.

"எந்தக் கடன் என்று அதில் பிரித்து எழுதவில்லை."

"எழுதியது யார்?"

எதிரே இருந்த ஞானச்சந்திரன் சட்டைச் சின்னத்தை நேராக்கிக்கொண்டார்.

"இது எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது" என்றார் பெண்மணி. அவர் குரலில் உண்மை இருந்தது. "ஆனால் ஒரு இளைஞன் தன் வாழ்க்கையைச் சுமையில்லாமல் தொடங்க வேண்டும் என்பதற்காக நாங்கள் பல வருடம் போராடினோம். ஒருவருக்காக அதை உடைத்தால் நாளைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் உடையும். முடித்துவைப்பதற்கு முன் இருவரும் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

ஞானச்சந்திரன் எழுந்தார். இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பெடியன் மாதிரித் தலையைக் குனிந்தார். தமிழில் சொன்னார்.

"மனசிலை ஒண்டும் வைச்சிராதேங்கோ அக்கா. சின்னாக்கள் நாங்கள் பிழை விடுவம். மூத்தாக்கள் நீங்கள்தான் பொறுத்துப்போக வேணும்."

அக்கா என்ற சொல் அவள் மேல் எச்சில் போல விழுந்தது. அவள் நிதானமாக எழுந்தாள். குளோரின் தின்ற விரல்களை மேசையில் ஊன்றி அவரைப் பார்த்தாள்.

"ஓமடா தம்பி" என்றாள். "நாளைக்குக் காலமை அஞ்சு மணிக்கு லோண்டரிக்கு வா. நனைஞ்ச விரிப்புக் கூடையள் அடுக்கிக் கிடக்குது. நல்ல இளந்தாரி உடம்புதானே, ஒவ்வொண்டாத் தூக்கி உருளையிலை போடு. பிந்தினால் சம்பளம் வெட்டுவன். வெட்டின காசு என்னட்டைப் பத்திரமாக் கிடக்கும். விளங்கிச்சோடா?"

பின்வாங்கில் தவபாலனுக்குப் புரையேறியது. சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

ஞானச்சந்திரனின் இழுபட்ட கன்னத்தில் ஒரு நரம்பு துடித்தது. அவ்வளவுதான்.

"என்ன சொன்னார்?" என்று பெண்மணி கேட்டார்.

"எங்கள் பண்பாட்டில் மூத்தவர்கள் இளையவர்களை ஆசீர்வதிப்பார்கள்" என்றார் ஞானச்சந்திரன் பிரெஞ்சில். "என்னை வாழ்த்தினார்."

பெண்மணியின் முகம் இளகியது. ஆரபி திருத்திச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் விரல் விசையில் விழுந்துவிட்டது. திரையில் ஒன்பதாயிரத்து எழுநூற்று நாற்பது நின்ற இடத்தில் ஒரு பூச்சியம் வந்து நின்றது.